பதினாலு வரி

உக்காருங்க. அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. கோபியில இருந்து பஸ்லயா வந்தீங்க? ஞாயித்துக்கெழமைன்னா நிக்கத்தான் எடம் கெடைக்கும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனுங்களா. சரிங்க, சந்தோசம்.

கோகிலவாணியைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. எங்க ஆபீஸ்ல ஏழெட்டு மாசம் எனக்குக் கீழதான் இருந்தா. அதனால என்னைக் கேட்டாச் சரியா இருக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா ஒண்ணு முன்னாலயே சொல்லீர்றேனுங்க. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு வாயெல்லாம் கசக்குது. நடத்தையில ஒரு சொல் சொல்ல முடியாது, அதுல தங்கம். நேரத்துக்கு வருவா, நேரத்துக்குப் போவா. வேலையும் தெரியும். அதெல்லாம் இல்லீங்க நான் சொல்ல வரது.

எங்க வீட்ல உள்ள காபி போடறா பாருங்க, அவளைக் கேட்டா நல்ல பொண்ணும்பா. ஒருக்கா ஆபீஸ்ல இருந்து எல்லாரும் பொங்கலுக்கு வந்திருந்தாங்க, அன்னைக்கு இந்தப் பொண்ணு உள்ள போய்ப் பாத்திரம் கழுவிக் குடுத்துப்போட்டா. அதுல இவ மயங்கிட்டா. பாத்திரம் கழுவுனா ஆளு நல்ல ஆளுங்களா?

நடந்ததை நடந்தபடி சொல்றேன். நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

எங்க கம்பெனி சின்னக் கம்பெனிங்க, மொத்தமே இருபத்திரண்டு பேரு. ஃபிரிட்ஜுக்குள்ள எத்தனை டிகிரி இருக்குதுன்னு பார்த்துச் சொல்ற பெட்டி செய்யறோம். ரத்த வங்கி, மருந்துக் கெடங்கு, ஆஸ்பத்திரி, இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் கொண்டுபோய் மாட்டி, ஒயர் இழுத்து, அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தெரியறாப்பல பண்ணிக் குடுப்போம். ஆளு போய் ஒவ்வொரு ஃபிரிட்ஜா எட்டிப் பார்க்க வேண்டாம். உக்காந்த எடத்துல பச்சையா இருக்குதா, செவப்பா இருக்குதான்னு பார்த்துக்கலாம். பெட்டிக்குள்ள ஒரு புரோகிராம் இருக்குது, அதுக்குப் பேரு ஏஜென்ட்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு இல்லீங்க. கம்ப்யூட்டர் கேக்கும், இது பதில் சொல்லும். அதை எழுதுனது நான். பதினோரு வருசமாச்சு.

அதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. அதைச் சொன்னாத்தான் மீதி புரியும். கேக்கற கம்ப்யூட்டருக்கு மொத்தம் எத்தனை ஃபிரிட்ஜுன்னு தெரியாது. அது, ‘அடுத்தது எது’ன்னு மட்டும்தான் கேக்கும். ஏஜென்ட்டு ஒண்ணைச் சொல்லும். மறுக்கா, ‘அதுக்கு அடுத்தது எது’ங்கும். ‘இனி இல்லை’ன்னு ஏஜென்ட்டு சொல்ற வரைக்கும் கேட்டுட்டே இருக்கும். சொன்ன வரைக்கும் ஸ்கிரீன்ல காட்டும். இதுல ஒவ்வொரு ஃபிரிட்ஜுக்கும் ரெண்டு நம்பரு. ரூம் நம்பர் ஒண்ணு, ரூமுக்குள்ள ஃபிரிட்ஜ் நம்பர் ஒண்ணு. வீதி நம்பரும் கதவு நம்பரும் மாதிரின்னு வெச்சுக்குங்க. முதல் வீதியில வீடெல்லாம் முடிஞ்சா ரெண்டாம் வீதிக்குப் போகோணும், அதுல முதல் வீட்டைச் சொல்லோணும். அந்தப் பட்டியலுக்கு டேபிள்னு பேரு, ரெண்டு இண்டெக்ஸ் டேபிளைச் சுத்தி வரதுன்னு நாங்க சொல்லுவோம். கேக்கறதுக்குச் சின்ன விசயம். பெரிய பெரிய படிப்புப் படிச்சவனே அதுல தடுமாறுவான். நான் ஒரே மூச்சுல எழுதுனேன். எங்க மொதலாளி வெங்கிடுபதி சாரு அன்னைக்கு என் தோளைத் தட்டி, ‘மருதாசலம், இது ஓடும்டா’ன்னாரு. ஓடுச்சு. பதினோரு வருசம், நூத்தி நாப்பது எடத்துல ஓடுச்சு. ஒருத்தன் கைய வெக்கலை.

இந்தப் பொண்ணு வந்து சேர்ந்த முதல் வாரம். வேலைன்னு ஒண்ணும் குடுக்கலை, சும்மா இருக்கட்டும்னு விட்டிருந்தேன். மத்தவங்கன்னா ஃபோனை நோண்டிட்டு உக்காந்திருப்பாங்க. இவ என் புரோகிராமை எடுத்துப் படிச்சிருக்கா. யாரு படிக்கச் சொன்னாங்க? யாரும் சொல்லலை. நாலாம் நாள் எல்லாரும் டீ குடிச்சுட்டு இருக்கறப்ப வந்து நிக்கறா.

“சார், நடுவுல ஒரு ரூம்ல ஒரு ஃபிரிட்ஜ்கூட இல்லைன்னா என்ன ஆகும்?”

நான் சொன்னேன், “ஃபிரிட்ஜே இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா டெம்ப்ரேச்சர்? காத்தோட்டமா இருக்குதான்னு பார்க்கவா?” அத்தனை பேரும் சிரிச்சாங்க. இன்னைக்கும் எங்க ஆபீஸ்ல அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. அவ மட்டும் சிரிக்கலை. ‘இல்ல சார், அந்த ரூமைக் கேக்கலை, அதுக்கு அடுத்த ரூமைக் கேக்கறேன்’னா. டீ ஆறுதும்மான்னு சொல்லிட்டு நான் நகந்துட்டேன்.

அவ கேட்டது என்னன்னா, முதல் வீதியில வீடு முடிஞ்சு ரெண்டாம் வீதிக்குப் போறோம், அங்க ஒரு வீடும் இல்லை. அப்ப மூணாம் வீதிக்குப் போகோணுமில்லைங்களா. என் புரோகிராம் போகாது. ரெண்டாம் வீதி காலின்னா ஊரே முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிரும். அவ சொன்னது சரிதானுங்க. நான் இல்லைங்கலை. ஆனா எந்தக் கிறுக்கன் நடு ரூமைக் காலி பண்ணி வெப்பான்? பதினோரு வருசத்துல ஒருத்தன் வெச்சானா? நடக்காத விசயத்துக்கு எதுக்குங்க இத்தனை பேச்சு?

எங்களுக்கு ஒரு லிஸ்ட் உண்டு. குறை எது இருந்தாலும் அதுல ஏத்துவாங்க, தலைவருங்கற முறையில நான் பார்த்து முடிவு பண்ணுவேன். அவ ஏத்துனா. ‘இப்படி நடக்க வாய்ப்பில்லை’ன்னு எழுதி மூடுனேன். மறுநாள் திறந்திருக்கா. மறுக்கா மூடுனேன். மறுக்காத் திறந்தா. ஏழு தடவைங்க. ஒவ்வொரு தடவையும் மரியாதையாத்தான் எழுதியிருப்பா. ‘சார் தயவுசெய்து மீண்டும் பார்க்கவும்.’ அந்தத் தயவுசெய்துதான் எனக்கு ஆகலை. திட்டி எழுதியிருந்தாக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா அந்த வரிதான் முதல்ல நிக்கும். சோத்துல முடி கெடக்கறதைப் பார்த்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கும் எனக்கு.

அதோட விட்டாளா. ஒரு நாள் மத்தியானம், நாங்கெல்லாம் வட்டமா உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கோம். இவ சாப்பிடாம, எதுத்தாப்பல மேசை மேல மூணு ரூம் மாதிரி செட்டப் பண்ணி, நடுவுல இருந்ததைக் கழட்டிப்போட்டு, கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பி வெச்சா. ‘சார், ஒரு நிமிசம் வந்து பாருங்க’ன்னா. நான் எந்திரிக்கலை. கையில தயிர்சாதம். சாப்பாட்டு நேரத்துல இதென்னம்மா, செட்டப்பே தப்புன்னு சொன்னேன். உக்காந்த எடத்துல இருந்தே தெரிஞ்சுதுங்க. முதல் ரூம் மட்டும் பச்சையா நிக்குது, மூணாவது ரூம் வரலை. தெரிஞ்சுது. நான் குருடனில்லை. ஆனா இருபது பேரு சாப்பிட்டுட்டு இருக்கற எடத்துல எந்திரிச்சுப் போய், ஆமாம்மா நான் எழுதுனது தப்புன்னு சொல்லோணுமா? உங்க வீட்ல ஒரு மருமக வந்த நாலாம் நாள் சமையக்கட்டுல நின்னுட்டு, அத்தை நீங்க முப்பது வருசமா வெக்கற ரசம் தப்புன்னு சொன்னா நீங்க பொறுப்பீங்களா? ரசம் தப்பாவே இருக்கட்டும். சொல்ற முறைன்னு ஒண்ணு இல்லீங்களா.

அப்புறம் அவளே திருத்தி எழுதியும் அனுப்புனா. எத்தனை வரிங்கறீங்க? பதினாலு வரி. ரூம் காலியா இருந்தா அடுத்த ரூமைப் பாரு, அதுவும் காலின்னா அதுக்கடுத்தது, கடைசி ரூம் வரைக்கும் போயிட்டு அப்புறம் இல்லைன்னு சொல்லு. இதுதான் அந்தப் பதினாலு வரி. நான் பார்த்துச் சரின்னு ஒரு பட்டனை அமுக்குனாத்தான் அது பெட்டிக்குப் போகும். நான் அமுக்கலை. தப்பு இருந்ததுன்னா இல்லீங்க. சுத்தமா எழுதியிருந்தா. அதைப் படிக்கப் படிக்க எனக்குக் கொமட்டுச்சு. பதினோரு வருசத்துக்குப் பதினாலு வரியான்னு இருந்துச்சு. அப்புறம் பார்க்கலாம்னு வெச்சேன். அஞ்சு மாசம் அப்படியே கெடந்துச்சு.

இந்தாங்க, காபி வந்துருச்சு. சக்கரை போதுமான்னு பார்த்துக்குங்க.

அப்பத்தான் அந்த ரத்த வங்கி விசயம். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். அங்க ரத்த வங்கியில மூணு ரூம். ரெண்டாவது ரூம்ல தரை பேந்துபோய், டைல்ஸ் மாத்தறதுக்காக உள்ள இருந்த ஃபிரிட்ஜையெல்லாம் வெளிய எடுத்திருக்காங்க. எங்க சென்சாரையும் கழட்டி ஓரமா வெச்சுட்டாங்க. ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லலை. அதுதானுங்க தப்பு. அடிப்படைத் தப்பே அதுதான்.

புதன்கெழமை அந்த ரத்த வங்கியில இருந்து ஒரு அம்மா போன் பண்ணுச்சு. ஜெயசீலின்னு பேரு, டெக்னீசியன். ‘சார், ஸ்கிரீன்ல முதல் ரூம் மட்டும்தான் தெரியுது, மூணாம் ரூமைக் காணோம்’னுச்சு. தெரியறது என்ன கலரும்மான்னு கேட்டேன். பச்சைங்க சார்னுச்சு. பச்சைன்னா பிரச்சனை இல்லை, கம்ப்யூட்டரை ஒருக்கா அணைச்சுப் போடுங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன். அன்னைக்குக் கோகிலவாணி லீவு. அவங்கப்பாவுக்குக் கண் ஆபரேசன்.

மறுநாள் மத்தியானம் மறுக்கா போன். அதே அம்மாதான். மூணாம் ரூம் ஃபிரிட்ஜ் ஒண்ணுல கம்ப்ரசர் நின்னுபோயிருக்குது. எப்ப நின்னுதுன்னு தெரியாது. ரூம் வராந்தாக் கடைசியில இருக்குது, கதவைச் சாத்தி வெச்சிருந்திருக்காங்க, ஃபிரிட்ஜ்ல அலாரம் கத்துனது யாருக்கும் கேக்கலை. ஸ்கிரீன்ல வந்திருந்தாச் செவப்பாகியிருக்கும். ஸ்கிரீன்ல அந்த ரூமே இல்லையே. உள்ள அறுபத்திமூணு பை ரத்தம். அத்தனையும் வீணு.

மொதலாளி என்னையும் கோகிலவாணியையும் உடனே கெளம்பச் சொல்லிட்டாரு. கார்ல போறப்ப நான் என்ன பேசோணும்னு ரோசனை பண்ணிட்டே போனேன். நீங்க சென்சாரைக் கழட்டும்போது எங்ககிட்டச் சொல்லியிருக்கோணும், பெட்டியோட குடுத்த புத்தகத்துல ஏழாம் பக்கத்துல போட்டிருக்குது. இதுதான் பேச்சு. போட்டிருக்குதுங்க, நெசமாவே போட்டிருக்குது. இப்படிச் சொல்லியிருந்தா விசயம் அங்கயே முடிஞ்சிருக்கும்.

போனா, அந்தப் பைகளையெல்லாம் வெளிய எடுத்துத் தட்டுல அடுக்கி வெச்சிருக்காங்க, மஞ்சள் பையில போட்டுக் கழிவுக்கு அனுப்பறதுக்கு முன்னால எண்ணிட்டு இருக்காங்க. எனக்கு ரத்தம்னாலே ஆகாதுங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். மேல் பக்கம் மஞ்சளாத் தண்ணி மாதிரி, கீழ கறுப்பா. ஒரு பைன்னாப் பரவால்லை, அறுபத்திமூணு. பார்த்ததும் தயிர்சாதம் தொண்டைக்கு வந்துருச்சு. நான் கர்ச்சீப்பை மூக்குல வெச்சுட்டு வராந்தாவுல நின்னுட்டேன். இவ உள்ள போயிட்டா. அந்த ஜெயசீலி லேபிளைப் படிக்குது, இவ ஒரு நோட்டுல எழுதறா. எந்த ஊர் முகாம்ல குடுத்தது, எந்தத் தேதி, எந்த குரூப்புன்னு. இவளுக்கு அதுல என்னங்க வேலை?

வராந்தா பெஞ்சுல ஒரு ஆளு உக்காந்திருந்தாரு, நம்ம வயசுதான் இருக்கும். கையில சீட்டு. வீட்டுக்காரம்மாவுக்கு அன்னைக்குச் சாயங்காலம் ஆபரேசன், எடுத்து வெச்சிருந்த ரத்தம் இதுல போயிருச்சு. என்னைப் பார்த்து, ‘நீங்க டாக்டருங்களா’ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். ‘மெசின்காரங்களா’ன்னு கேட்டாரு. அதுக்கு என்னன்னு சொல்றது? நான் குடிக்கத் தண்ணி எங்க இருக்குதுன்னு தேடறாப்பல அந்தப் பக்கம் போயிட்டேன். அப்புறம் சேலத்துல இருந்து வர வெச்சு மறுநாள் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது, அதையும் சொல்லீர்றேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

அப்புறம் ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருந்து ஒரு சாரு வந்தாரு. ஜெயசீலியை நிக்க வெச்சுக் கேக்கறாரு, ஒரு நாள் முழுக்க நீ மூணாம் ரூம் பக்கம் போகவே இல்லையான்னு. அந்தம்மா அழுவுது. நேத்தே போன் பண்ணிச் சொன்னேன் சார், பச்சைன்னாச் சரின்னாங்க சார்னு என்னைக் கை காட்டுது. கோகிலவாணி அப்பத் திரும்பி என்னைப் பார்த்தா பாருங்க. அந்தப் போன் விசயம் அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்தப் பார்வையை இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மேலெல்லாம் என்னமோ ஊர்றாப்பல இருக்குது.

நான் தொண்டையைக் கனைச்சுட்டு, ஏழாம் பக்கத்தை ஆரம்பிச்சேன். சென்சாரைக் கழட்டும்போதுன்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள இவ முன்னால வந்துட்டா.

“அக்கா, நீங்க அழுகாதீங்க. தப்பு உங்க மேல இல்லை, எங்க பெட்டி மேல. ஒரு ரூம் காலியானா இப்படி ஆகும்னு எங்களுக்கு ஆறு மாசமாத் தெரியும்.”

எங்களுக்குன்னா. அதைக் கவனிச்சீங்களா? சாருக்குத் தெரியும்னு சொல்லலை. எங்களுக்குன்னு தன்னையும் சேர்த்துச் சொன்னா. என்னமோ பெரிய தியாகி மாதிரி. அந்த ஆஸ்பத்திரி சாரு என்னைப் பார்த்து, இந்தப் பொண்ணு சொல்றது நெசமான்னாரு. நான் என்ன சொல்லட்டும்? பெட்டியைச் செக் பண்ணித்தான் சொல்லோணும்னேன். யாரும் கேட்டுக்கலை. ஜெயசீலி இவ கையைப் பிடிச்சுட்டு நிக்குது.

நீங்களே சொல்லுங்க. சம்பளம் குடுக்கற கம்பெனியை வெளியாள் முன்னால இப்படிக் காட்டிக் குடுப்பாங்களா? நாளைக்கு உங்க வீட்ல ஒரு விசயம் நடந்து, ஒரம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் உக்காந்திருக்கறப்ப, ஆமாங்க எங்க வீட்டுத் தப்புதான், எங்களுக்கு முன்னாலயே தெரியும்னு சபையில சொன்னா உங்க மானம் என்னாகும்? அதுக்குத்தான் இத்தனை சொல்றேன்.

திரும்பி வரப்பக் கார்ல ஈரோட்டுல ஆரம்பிச்சு அவிநாசி வரைக்கும் திட்டுனேன். என்னென்னமோ சொன்னேன், எல்லாம் ஞாபகம் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துட்டே கேட்டுட்டு வந்தா. அவிநாசிகிட்ட வந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. ‘சார், சொல்லலைன்னா அந்த அக்கா வேலை போயிருக்கும்.’ போனா நமக்கென்னம்மான்னேன்.  காந்திபுரத்துல எறங்கறப்ப, வரேன் சார்னா.

மொதலாளி எழுத்துல விளக்கம் கேட்டாரு. நான் எழுதிக் குடுத்தேன். திருத்தம் தயாரா இருந்தது, கோகிலவாணியிடம் சோதனை பாக்கி இருந்ததால் தாமதமானதுன்னு. பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. சோதனை எப்பவுமே பாக்கிதான், எவ்வளவு பண்ணுனாலும் பாக்கிதான். அந்தக் கடுதாசியை அவகிட்டக் காட்டி நெசமான்னு கேட்டிருக்காரு மொதலாளி. அரை மணி நேரம் ரூமுக்குள்ள இருந்தா. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. வெளிய வந்து நேரா உக்காந்து ராஜினாமா எழுதுனா. எழுதிட்டு நேத்து விட்ட வேலையை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. வந்து என் சட்டையைப் பிடிச்சிருக்கலாமுங்க. லிஸ்ட்ல ஏழு தடவை மூடுனது தேதியோட இருக்குது, எடுத்துக் காட்டியிருக்கலாம். ஒண்ணும் பண்ணலை. அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட அருவருப்பா இருந்துச்சு. மனுசின்னாக் கோவம் வர வேண்டாமா? கோவம் வந்தா நானும் நாலு வார்த்தை சொல்லி, ரெண்டு பேருக்கும் தீந்துபோயிருக்குமில்லைங்களா?

அவ இருந்த கடைசி மாசத்துல அந்தப் பதினாலு வரிக்கு நான் பட்டனை அமுக்குனேன். நூத்தி நாப்பது எடத்துக்கும் போச்சு. இன்னைக்கும் அதுதான் ஓடுது. மேல எழுதுனவங்க பேர் போடற எடத்துல என் பேரு இருக்குது. கம்பெனி வழக்கம் அப்படிங்க, தலைவர் பேருதான் போடுவோம். அதையும் அவ கேக்கலை.

போற அன்னைக்கு ஒரு நோட்டு குடுத்தா. கையால எழுதுனது, முப்பத்தியொரு பக்கம். கம்ப்யூட்டர்ல போட்டா நான் மூடிருவேன்னு நெனச்சாளோ என்னமோ. அதுல என்னன்னா, இந்த ஃபிரிட்ஜ் டேபிள் மாதிரியே என் புரோகிராம்ல இன்னும் ஆறு டேபிள் இருக்குதாம். ரெண்டு நம்பரு, மூணு நம்பரு வெச்சுச் சுத்தி வரது. ஆறுலயும் இதே தப்பு. எந்த வரியில, எப்படித் திருத்தோணும், திருத்துனது சரியான்னு எப்படிப் பார்க்கோணும்னு ஒவ்வொண்ணாப் படம் போட்டு எழுதியிருக்கா. ‘சார், உங்களுக்கு நேரம் கெடைக்கறப்ப’ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டா.

நாலு டேபிளைத் திருத்திட்டேன். மீதி ரெண்டு கொஞ்சம் கஷ்டமானது, மூணு நம்பரு. அதுக்கு அந்த நோட்டைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காரோணும். அவ எழுத்து குண்டு குண்டா, ஒரு அடித்தல் இல்லாம இருக்குது. பிரிச்சாலே எனக்கு வயித்தைப் பெரட்டுதுங்க. மூடி வெச்சுருவேன். நாளைக்குப் பார்க்கலாம்னு வெச்சுருவேன். ஒரு வருசம் ஓடிருச்சு.

எங்க ஓடுது அந்த ரெண்டும்னு கேக்கறீங்களா. அது வந்துங்க, ஒண்ணு மருந்துக் கெடங்கு. இன்னொண்ணு பச்சைக்கொழந்தைகளை வெச்சிருக்கற வார்டு, கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்களே, அது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலீங்க.

போன மாசம் அவளைப் பார்த்தேன். துணிக்கடை வாசல்ல அவங்கம்மாவோட நின்னுட்டு இருந்தா. நான் பார்க்காத மாதிரி போகலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அவளே வந்து வணக்கம் சார்னா. அப்பாவுக்குக் கண் நல்லாத் தெரியுதாம். வேற கம்பெனியில நல்ல வேலையாம். வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டா, எங்க வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கேட்டா. நான் ஊம் போட்டுட்டே இருந்தேன். அப்புறம் கேட்டா.

“சார், அந்த மீதி டேபிள் எல்லாம் முடிஞ்சுதா?”

முடிஞ்சுதும்மான்னேன். வாய் தானா சொல்லிருச்சுங்க. அவ ரோசனை பண்ணுவா, எப்பப் பண்ணுனீங்க, அந்த மூணு நம்பர் டேபிளை எப்படிச் சோதிச்சீங்கன்னு கேப்பான்னு நெனச்சேன். எதையும் கண்ணுல பார்க்காம ஒத்துக்கற பொண்ணே இல்லை அவ. ஆனா கேக்கலை. மூஞ்சி அப்படியே மலந்துபோச்சு. அவங்கம்மாகிட்டத் திரும்பி, ‘அம்மா, நான் சொல்லிட்டே இருப்பேனில்ல, சாரு எல்லாத்தையும் முடிச்சுட்டாராம்’னா. அந்தம்மாவும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. ரொம்ப நன்றிங்க சார், ராத்திரியெல்லாம் அதையே பேசுவான்னுச்சு.

நான் அங்கிருந்து வண்டியை எடுத்துட்டு வந்தவன், வர வழியில ஓரமா நிறுத்திச் சாக்கடையில வாந்தி எடுத்தேனுங்க. மத்தியானம் சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலைன்னு நெனைக்கறேன். வெயிலும் சாஸ்தி அன்னைக்கு.

கெளம்பிட்டீங்களா? இருங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துட்டுப் போலாம், எங்க வீட்ல ஒலை வெச்சுட்டா. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாத் தடுக்கலை. நான் சொன்னதையெல்லாம் அங்க சொல்லுங்க. திமிரு புடிச்சவ, சொன்னாக் கேக்காதவ, சபையில மானத்தை வாங்கீருவான்னு நான் சொன்னேன்னே சொல்லுங்க. முடிவு உங்களோடது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க. ஒருவேளை சம்பந்தம் கூடி வந்து, அவ உங்க வீட்டுக்கு வந்துட்டான்னா, அந்த ரெண்டு டேபிளை நான் இன்னும் பண்ணலைங்கறதை மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க.